பேசிக்கைக் கண்டுபிடிக்காத சிஸ்டர்

வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்தப் படம் என் போனுக்கு வந்து சேர்ந்துவிடும். மகளிர் தினத்தன்று கட்டாயம் ஒரு தடவை. நடுவில் யாருக்காவது திடீரென்று பெருமை பொங்கினால் இன்னொரு தடவை. கறுப்பு வெள்ளையில் ஒரு கன்னியாஸ்திரி. பேசிக் என்ற கணினி மொழியைக் கண்டுபிடித்தது இவர்தான், உலகத்திலேயே முதன்முதலாகக் கணினியில் முனைவர் பட்டம் வாங்கியதும் இவர்தான், பெண் என்பதால் வரலாறு மறைத்துவிட்டது என்று கீழே நாலு வரி. கூடவே கைகூப்பும் பொம்மைகள் ஒரு வரிசை.

பெயர் மேரி கென்னத் கெல்லர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் டுபுக் என்று ஓர் ஊர். அங்கே கிளார்க் கல்லூரி என்ற சிறிய கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, இருபது வருடம் நடத்தியவர்.

நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள். போதாக்குறைக்கு மடத்துப் பள்ளியில் ஒரு சிஸ்டரிடம் பேசிக் படித்தவள். அதனால் அந்தப் படம் யார் கண்ணில் பட்டாலும் முதலில் எனக்குத்தான் தள்ளிவிடுகிறார்கள். முதல் இரண்டு வருடம் நானும் இதயக்குறி போட்டேன். மூன்றாவது வருடம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படித்து முடித்ததும் அந்தப் படத்தின் மேல் கோபம் வந்தது. பாதிக்கு மேல் தப்பு என்பதால் மட்டும் இல்லை. தலையில் இல்லாத கிரீடத்தைக் காட்டுகிற அவசரத்தில், அந்த அம்மா உண்மையில் என்ன செய்தார் என்பதை ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

எங்கள் பள்ளிக் கணினி அறையைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஜன்னல் எல்லாம் எப்போதும் மூடியிருக்கும். மொத்தம் ஆறு மெஷின், ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. ஒரு மெஷினுக்கு மூன்று ஸ்டூல், மூன்று பேர். சிஸ்டரின் மேசையில் ஒரு சின்ன வெண்கல மணி இருக்கும், பூசையில் எழுந்தேற்றத்தின்போது அடிப்பார்களே, அந்த மாதிரி. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதை அடிப்பார். அடித்ததும் எல்லாரும் ஒரு ஸ்டூல் வலப்பக்கம் நகரவேண்டும். வலது ஓரத்தில் இருப்பவள் சுற்றிவந்து இடது ஓரத்தில் உட்காரவேண்டும். ‘இந்த ஒரு வரிய முடிச்சிடுறேன் சிஸ்டர்’ என்ற கதையெல்லாம் நடக்காது. பாதி வரியில் எழுந்தே ஆகவேண்டும். சர்க்கஸ் மணி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

பேசிக் தெரியாதவர்களுக்காக: அன்றைய பேசிக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுக்கவேண்டும். பத்து, இருபது, முப்பது என்று போகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏன் போடக்கூடாது என்று ஒருத்தி கேட்டாள். “நடுவுல ஏதாவது மறந்திருப்போம்ல, அது வந்து உக்கார எடம் வேணாமா?” என்றார் சிஸ்டர். இதுவரை நான் கேட்ட புரோகிராமிங் பாடங்களிலேயே சுருக்கமானது அது.

இனி கெல்லர்.

கிளீவ்லாந்தில் 1913 டிசம்பர் 17 அன்று பிறந்தபோது அவர் பெயர் எவலின் மேரி கெல்லர். 1932-ல், பத்தொன்பது முடியாத வயதில், ஒரு துறவற சபையில் சேர்ந்தார். அமெரிக்காவில் பொருளாதார மந்தம் மண்டையில் அடித்துக்கொண்டிருந்த வருடம் அது. சபையின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘புனித கன்னி மரியாவின் பிறரன்புச் சகோதரிகள்’ என்று நீளும். அங்கே சுருக்கமாக பி.வி.எம். என்பார்கள். 1940-ல் நித்திய வார்த்தைப்பாடு, அதாவது கடைசிவரை துறவியாகவே இருப்பேன் என்ற உறுதிமொழி. எவலின் போய் மேரி கென்னத் வந்தது அந்த வழியில்தான். ஆண் பெயரா என்று யோசிக்கவேண்டாம். அப்போதெல்லாம் கன்னியருக்குப் புனிதர் பெயரை வைக்கும்போது ஆண் புனிதர், பெண் புனிதர் என்று பார்ப்பதில்லை.

அந்தச் சபைக்கே ஒரு நல்ல தொடக்கக் கதை உண்டு. மேரி பிரான்சிஸ் கிளார்க் என்ற டப்ளின்காரரும் அவருடைய தோழியரும் 1833-ல் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள், ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தலாம் என்று. வந்து சேர்ந்து கப்பலைவிட்டு இறங்கும்போது, மொத்தப் பணமும் இருந்த பை கைநழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், முதலீடு போயிற்று. எல்லாரும் பிலடெல்பியாவில் கூலிக்குத் தைத்துப் பிழைத்துக்கொண்டே பள்ளியைத் தொடங்கினார்கள். பத்து வருடம் கழித்து, 1843-ல், ஆயர் (பிஷப்) லோரஸ் கூப்பிட்டதன்பேரில் அயோவாவுக்குப் போனார்கள். அப்போது அயோவா மாநிலமாகக்கூட ஆகவில்லை. அந்த வருடமே பெண்களுக்கு ஒரு பள்ளி. அதுதான் வளர்ந்து பின்னால் கிளார்க் கல்லூரி ஆயிற்று. கல்லூரியின் பெயர் பணப்பையைத் தொலைத்த கூட்டத்தின் தலைவியுடையது. கையில் காசில்லாமல் வகுப்பறை தொடங்குவது அந்தச் சபைக்குப் பரம்பரைத் தொழில் என்றுகூடச் சொல்லலாம்.

பட்டியலில் இப்படித்தான் போட்டிருப்பார்கள்: 1943-ல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் இளநிலை. 1953-ல் அங்கேயே கணிதமும் இயற்பியலுமாக முதுநிலை. 1965-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். படிக்கும்போது மளமளவென்று ஏறிப்போன மாதிரி தோன்றும். வயதைப் போட்டுப் பாருங்கள். இளநிலை 29, முதுநிலை 39, முனைவர் 51. மடத்தில் சேர்ந்ததிலிருந்து எண்ணினால் முப்பத்து மூன்று வருடம்.

இது அவருடைய மந்தம் இல்லை, அந்தக் காலத்து ஏற்பாடு. 1884-ல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்கள், ஒவ்வொரு பங்குக் கோயிலுக்குப் பக்கத்திலும் இரண்டு வருடத்துக்குள் ஒரு பள்ளி இருக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போட்டவர்கள் ஆண்கள். வகுப்பறையில் போய் நின்றவர்கள் கன்னியர். ஆசிரியைகளுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. நேற்று துறவு உடுப்பு வாங்கிய சிஸ்டரை இன்று நாற்பது ஐம்பது பிள்ளைகள் முன்னால் நிறுத்திவிடுவார்கள். அவருடைய சொந்தப் படிப்பு? சனிக்கிழமையில் கொஞ்சம், கோடை விடுமுறையில் கொஞ்சம். ஓர் இளநிலைப் பட்டத்துக்கு இருபது வருடம் எடுத்துக்கொண்ட சிஸ்டர்கள் அங்கே சாதாரணம். ‘இருபதாண்டுத் திட்டம்’ என்று அவர்களே அதைக் கிண்டல் செய்வார்களாம். சம்பளம் என்று பேருக்கு ஏதோ வரும், அதுவும் சபைக்குப் போய்விடும்.

அமெரிக்கக் கன்னியரின் வரலாற்றில் எனக்கு வயிற்றைப் பிசைகிற இடம் இதுதான். தன் படிப்பை அரைகுறையாக வைத்துக்கொண்டு அடுத்தவர் பிள்ளைகளை முழுதாகப் படிக்கவைத்த பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! 1950-களில் அவர்களே சேர்ந்து குரல் எழுப்பினார்கள். முதலில் பட்டம், பிறகு வகுப்பறை என்று அதற்கென ஓர் இயக்கமே நடத்தினார்கள். கெல்லருக்கு அதற்கு முன்பே இரண்டு பட்டமும் ஆகிவிட்டது. ஆனால் ஐம்பதை நெருங்குகிற ஒரு சிஸ்டரை முழுநேர ஆராய்ச்சிக்கு அனுப்பலாம் என்று ஒரு சபைக்குத் தோன்றியது அந்தக் காற்றடித்த பிறகுதான்.

விஸ்கான்சினில் அவருக்குக் கிடைத்த மெஷின் சி.டி.சி. 1604. பிற்பாடு சூப்பர் கம்ப்யூட்டர்களின் தந்தை என்று பெயர் வாங்கிய சீமோர் கிரே வடிவமைத்தது. நினைவகம் 32,768 சொற்கள், ஒரு சொல்லுக்கு 48 பிட். நம் கணக்குக்கு மாற்றினால் 192 கிலோபைட். அவர் படத்தைப் போட்டு எனக்கு வருகிற வாட்ஸ்அப் செய்தி சில சமயம் அதைவிடக் கனமாக இருக்கும். அந்த இடத்துக்குள்தான் ஃபோர்ட்ரான் 63 என்ற கணினி மொழியில் தன் ஆய்வுக்கான புரோகிராம்களை எழுதினார்.

ஆய்வின் தலைப்பைத் தமிழாக்கினால் ‘கணினி உருவாக்கிய கோலங்களிலிருந்து தொகுத்தறிதல்’ என்று வரும். தலைப்பு பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. இரண்டு, நான்கு, ஆறு என்று சொன்னால் அடுத்தது எட்டு என்று குழந்தை சொல்லிவிடும். விதியை யாரும் சொல்லித்தரவில்லை. எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே பிடித்துக்கொண்டது. அதை மெஷினால் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த ஆய்வில் இயற்கணிதக் கோவைகளை வகையிடுகிற வழிமுறைகளும் வருகின்றன. அதாவது எண்ணைப் போட்டு விடை எண்ணை வாங்குவது இல்லை. எக்ஸின் வர்க்கத்தைக் கொடுத்தால் இரண்டு எக்ஸ் என்று சூத்திரமாகவே மெஷின் திருப்பித் தரவேண்டும். கணினி என்றாலே பெரிய கூட்டல் கழித்தல் பெட்டி என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்த நாளில் இது. இன்று எல்லாரும் வாய் ஓயாமல் பேசுகிற இயந்திரக் கற்றலின் அடிக் கேள்வியே எடுத்துக்காட்டுகளிலிருந்து விதிக்குப் போவதுதான்.

1965 ஜூன் 7 அன்று பட்டம். அதே ஜூன் 7, செயின்ட் லூயிஸில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இர்விங் டாங் என்பவரும் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். அவர் வாங்கியது டி.எஸ்சி., இவர் வாங்கியது பி.எச்.டி. ஆகவே ‘முதல் ஆள்’ பட்டத்தை இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொடுத்துவிடலாம். அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவரான முதல் பெண் கெல்லர் என்பதில் தகராறு இல்லை. இத்தனைக்கும் ‘முதல்’ என்ற சொல்லின் மேல் நமக்கு இருக்கிற மோகம் எனக்கு அலுத்துவிட்டது. முதல் பெண், முதல் டாக்டர், முதல் விமானி. அந்த வரிசையில் ஒருத்தரை நிற்கவைத்துவிட்டால் அப்புறம் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவுமே மிச்சமில்லாத மாதிரி கலைந்து போய்விடுகிறோம்.

பேசிக் விவகாரத்துக்கு வருகிறேன். அந்த மொழியை வடிவமைத்தவர்கள் டார்ட்மவுத் கல்லூரியின் கணிதப் பேராசிரியர்கள் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும். 1964 மே 1, விடிகாலை நான்கு மணி. கெமனி ஒரு முனையத்தில், மாணவர் ஒருவர் இன்னொரு முனையத்தில். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ‘ரன்’ என்று தட்டினார்கள். இரண்டிலும் விடை வந்தது. பேசிக் பிறந்த நேரம் என்று அதைத்தான் சொல்வார்கள். கெல்லர் டார்ட்மவுத்தின் கணினி மையத்துக்குப் போனது உண்மை, அங்கே வேலை பார்த்ததும் உண்மை. அது முழுக்க முழுக்க ஆண்கள் கல்லூரி. மாணவிகளைச் சேர்க்க ஆரம்பித்ததே 1972-ல், அதே கெமனி கல்லூரித் தலைவராக இருந்தபோது. அப்படிப்பட்ட இடத்துக்குள் முக்காடு போட்ட ஒரு பெண் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்ததே பெரிய விஷயம். ஆனால் அதை ‘மொழியைக் கண்டுபிடித்தார்’ என்று ஊதினால், கெமனியையும் கர்ட்ஸையும் கொஞ்சம், கெல்லரை நிறைய, ஏமாற்றுகிறோம்.

சொல்லப்போனால் கெமனியும் கர்ட்ஸும் பேசிக்கை எதற்குச் செய்தார்களோ அதைத்தான் கெல்லர் வாழ்க்கையாகவே செய்தார். கணிதமும் அறிவியலும் படிக்காத பிள்ளைகளும் கணினியைத் தொடவேண்டும் என்பதற்குத்தான் பேசிக். அதற்கு முன்னால் கணினி என்பது கண்ணாடி அறைக்குள் இருக்கும் தெய்வம். நம் புரோகிராமைத் துளையிட்ட அட்டைகளைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, பிரசாதம் வரும்வரை வெளியே காத்திருக்கவேண்டும்.

பட்டம் வாங்கிய அதே 1965-ல் கெல்லர் கிளார்க் கல்லூரியில் கணினி அறிவியல் துறையைத் தொடங்கினார். தேசிய அறிவியல் அறக்கட்டளை கருவிகளுக்காக 25,000 டாலர் கொடுத்தது, இரண்டு வருடத்தில் தவணையாக. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களே கணினிக்குத் தனித் துறை வேண்டுமா என்று முழித்துக்கொண்டிருந்த நேரம். இது அயோவாவில், ஆற்றங்கரை மேட்டில், சிஸ்டர்கள் நடத்தின ஒரு பெண்கள் கல்லூரி. 1979-ல்தான் ஆண்களையும் சேர்த்தார்கள். முனைவர் பட்டத்தோடு அவர் பெரிய இடங்களுக்குப் போயிருக்கலாமே என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். போயிருக்க முடியாது, கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு இருக்கிறதே என்றேன். சொல்லிவிட்டுப் பிறகு யோசித்தேன். அவர் பிற்பாடு செய்ததையெல்லாம் பார்த்தால் அந்த இடம் அவருக்குத் தண்டனையாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

துறை தொடங்கியதோடு நிற்கவில்லை. கணினியை மற்றத் துறை ஆசிரியர்களும் பயன்படுத்தவேண்டும் என்று நின்றார். கல்வியில் கணினிப் பயன்பாடு என்று ஆசிரியர்களுக்காக ஒரு முதுநிலைப் படிப்பு கிளார்க்கில் வந்தது. சிறிய கணினிகளை வைத்துப் பாடம் நடத்துகிற கல்லூரிகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ள ஒரு சங்கம் உருவானபோது அதிலும் அவர் கை இருந்தது. ‘சிறிய’ கணினி என்றால் அப்போது ஒரு மேசை அளவு. நான்கு புத்தகம் எழுதினார். இதெல்லாம் விருது கொடுக்கிற வேலை இல்லை. கமிட்டி, பாடத்திட்டம், கேபிள், மின்சாரம், மெஷின் நேரம் யாருக்கு எப்போது என்கிற அட்டவணை. துறை நடத்தினவர்களுக்குத் தெரியும் அந்த எழவு.

அப்புறம் குழந்தைகள். வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற பெண்கள் கணினி படிக்கவேண்டும் என்பதில் கெல்லர் பிடிவாதமாக இருந்தார். கைக்குழந்தையை விட்டுவிட்டு வர வழியில்லையா? தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வா என்றார். 1960-களில், 70-களில். மெஷின் ஓடுகிற அறையில். கல்யாணமாகாத, பிள்ளை பெறாத ஒரு சிஸ்டர்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

என் மகளுக்கு ஏழு மாதம் இருக்கும். வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் எழுதிக்கொண்டிருந்த மொழியும் அதற்குள் மாறிப்போயிருந்தது. திரும்ப உள்ளே போகவேண்டுமென்றால் மூன்று மாதப் பயிற்சி ஒன்று முடிக்கவேண்டும். பணம் கட்டப் போனேன். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே, “மேடம், கிளாஸுக்கு இவங்க வரமாட்டாங்கல்ல?” என்று கேட்டாள். இவங்க என்றது என் மகளை. ஏழு மாதக் குழந்தைக்கு மரியாதைப் பன்மை. ஒரே ஒரு மணி நேரம்தான், பின் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன், அழுதால் வெளியே தூக்கிப் போய்விடுகிறேன் என்றேன். அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும், ‘குழந்தை கொஞ்சம் வளந்ததும் வாங்க’ என்று சொல்லச் சொன்னார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டேதான் திரும்பினேன். அந்தக் ‘கொஞ்சம்’ நான்கு வருடம் ஆயிற்று.

அதில் யாரையும் குறை சொல்லி இன்றைக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் ‘முடியாது’ என்பது ஏதோ இயற்கையின் விதி என்றுதான் அந்த நான்கு வருடமும் நினைத்திருந்தேன். குழந்தை அழும், மற்றவர்களுக்குப் பாடம் கேட்காது, வேறென்ன செய்ய முடியும் என்று. நான் பிறப்பதற்கு முன்பே ஒரு கன்னியாஸ்திரி அதைச் செய்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்தபோது வந்தது சந்தோஷம் இல்லை. ஓர் எரிச்சல். இது எனக்கு ஏன் முன்னாலேயே தெரியவில்லை? எனக்கு வந்த படத்தில் இது ஏன் இல்லை?

காரணம் தெரிந்ததுதான். கண்டுபிடித்தார் என்றால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இருபது வருடம் கற்பித்தார் என்பதைப் படமாகப் போட முடியாது.

துறவு விஷயத்தில் என் தோழிக்கும் எனக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. அவள் கட்சி: உடுப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், ஒரு விஞ்ஞானி இருக்கிறார், மதத்தை ஏன் நடுவில் இழுக்கிறீர்கள்? என் கட்சி வேறு. அன்றைய அமெரிக்காவில் ஐம்பது வயதுப் பெண்ணை முழுநேரம் படிக்க அனுப்ப வேறு யார் இருந்தார்கள்? புருஷனா, அப்பாவா? கல்லூரி முதல்வராகவும் மருத்துவமனை நிர்வாகியாகவும் பெண்கள் உட்கார்ந்திருந்த இடங்களில் பெரும்பாலானவை கன்னியர் நடத்தியவைதான். கட்டடம் எழுப்பினார்கள், கடன் வாங்கினார்கள், கணக்கு பார்த்தார்கள். சபை என்பது ஒரு சுவர், ஒப்புக்கொள்கிறேன். எங்கே போவது, என்ன படிப்பது என்று மேலிடம்தான் சொல்லும். அதே சுவர்தான் ஏணி சாத்தவும் இடம் கொடுத்தது. இதில் ஏதாவது ஒன்றை மட்டும் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் கன்னியரின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது 1965 வாக்கில், ஏறத்தாழ 1,80,000 பேர். அதன்பிறகு இறக்கம்தான், ஐம்பது வருடத்துக்குள் ஐம்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. கெல்லர் பட்டம் வாங்கிய வருடமும் உச்சமும் ஒன்று. அவர் துறையை வளர்த்துக்கொண்டிருந்த அதே வருடங்களில் சபைகள் காலியாகிக்கொண்டிருந்தன. வெளியே போனவர்களில் எத்தனையோ பேருக்குப் பட்டப்படிப்புதான் கதவு திறந்துவிட்டது என்று சொல்வதுண்டு. அவர் இருந்தார்.

கணினியைப் பற்றி அவர் அன்று சொன்னவற்றில் இரண்டு என் மனதில் ஒட்டிக்கொண்டன. சிந்திக்கிற செயலையே முதல்முறையாக மெஷினில் போலச்செய்ய முடிகிறது, செயற்கை அறிவை ஆராய முடிகிறது; அதையும் தாண்டி, இந்தச் சாதனம் மனிதர் கற்பதற்குத் துணையாகும், வயது வந்தபின் படிக்க வருகிறவர்கள் பெருகப் பெருக இது இன்னும் தேவைப்படும் என்றார். இரண்டாவது, தகவல் பெருகி வெடிக்கிறது, ஆனால் கைக்கு எட்டாத தகவலால் ஒரு பயனும் இல்லை என்றார். செயற்கை அறிவு என்ற பேச்சை எடுத்த உடனேயே அடுத்த வாக்கியத்தில் நடுவயதில் படிக்க வருகிறவர்களை நினைக்கிறார் பாருங்கள். இன்று மேடையில் செயற்கை அறிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த அடுத்த வாக்கியத்துக்கு வந்து நான் கேட்டதில்லை.

1984 மே 17 அன்று கிளார்க் கல்லூரியில் தீப்பிடித்து நான்கு முக்கியக் கட்டடங்கள் எரிந்துபோயின. ‘கிளார்க் உயிரோடிருக்கிறது’ என்று மாணவர்கள் எழுதிவைத்தார்கள். எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1985 ஜனவரி 10 அன்று கெல்லர் இறந்தார். வயது 71. கல்லூரியின் கணினி மையம் அவர் பெயரில் இருக்கிறது, உதவித்தொகை ஒன்றும் இருக்கிறது.

இதையெல்லாம் படித்து முடித்தபோது எங்கள் சிஸ்டர் நினைவுக்கு வந்தார். எண்பது தாண்டிவிட்டது. வயதான சிஸ்டர்கள் இருக்கிற மடத்தில் இருக்கிறார். நம்பர் தேடிப் பிடித்து, சாயங்கால ஜெபமாலை முடிகிற நேரம் பார்த்து அழைத்தேன். என்னை நினைவில்லை. எந்த வருட பேட்ச் என்று சொன்னதும், “ஆறு மெஷின் இருந்தப்பவா, பத்தானதுக்கு அப்புறமா?” என்றார்.

ஆறு இருந்தப்ப, சிஸ்டர்.

கெல்லரைப் பற்றிச் சொன்னேன். கேள்விப்பட்டதில்லை என்றார். முனைவர் பட்டம், டார்ட்மவுத், பேசிக் வதந்தி எல்லாவற்றுக்கும் ‘ம்… ம்…’ என்று கேட்டுக்கொண்டார். வகுப்புக்குக் குழந்தையோடு வரச் சொன்னார் என்றபோது மட்டும் சிரித்தார். “இங்கயும் ஆயாம்மா பேத்தி ஒண்ணு மேசைக்கடியில தூங்கும். நீங்க யாரும் பாத்திருக்க மாட்டீங்க.”

பிறகு கேட்டார், “அங்க ஒரு மெஷினுக்கு எத்தன பேராம்மா?”

அதெல்லாம் புத்தகத்தில் போடவில்லை சிஸ்டர் என்றேன்.

“அதத்தான் மொதல்ல எழுதியிருக்கணும்” என்றார். “நமக்கு மூணு பேரு. விட்டா நடு ஸ்டூல்ல உக்காந்தவளேதான் கடைசிவரைக்கும் டைப் அடிப்பா. ஓரத்துல இருக்கறதுக ரெண்டும் பாத்துக்கிட்டே இருந்துட்டு எந்திரிச்சுப் போயிடும். கேக்கவும் கேக்காது. அதுக்குத்தான் அந்த மணி வாங்குனேன்.”